திருச்சி – சிங்கப்பூர்: நான்கு மணி நேரத்தின் முழுக் கணக்கு

புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சிங்கப்பூர் நான்கு மணி நேரம் என்றுதான் சொல்வார்கள். தெருவுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்க்கும் ஊர்கள் இவை. சென்னைக்குப் போவதைவிடச் சிங்கப்பூருக்குப் போவது பக்கம் என்று பெருமையாகப் பேசிக்கொள்வதும் உண்டு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருக்கிறது. நான் சிங்கப்பூரில் குடியிருப்பவன். பெற்றோரின் வீடு புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் நம்பித் திட்டம் போட்டவர்கள் பட்ட அலைச்சலை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் முறை கிளம்புபவர்களுக்கும், வயதான பெற்றோரைத் தனியாக ஏற்றி அனுப்பும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் தூரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை நேர்வழியில் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,925 கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூருக்குத் திருச்சியைவிடச் சென்னைதான் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பக்கம். இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் பலர் நம்ப மறுக்கிறார்கள். திருச்சி தெற்கே இருக்கிறது, சிங்கப்பூரும் தெற்கே இருக்கிறது, அப்படியானால் திருச்சிதானே பக்கம் என்று கேட்கிறார்கள். திருச்சி தெற்கே இருப்பது உண்மைதான். கூடவே சென்னையைவிட மேற்கே தள்ளியும் இருக்கிறது. சிங்கப்பூருக்குப் போகும் வழி தெற்கைவிடக் கிழக்கு நோக்கியே அதிகம் நீள்வதால், தெற்கே இறங்கியதில் கிடைத்த லாபத்தை மேற்கே தள்ளியிருப்பது விழுங்கிவிடுகிறது.

வானத்தில் ஐம்பது கிலோமீட்டர் என்பது நான்கைந்து நிமிடம். தரையில் கதையே வேறு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்து வருபவர்கள் திருச்சி நகரத்துக்குள் நுழையவே தேவையில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வாசலில் இறங்கிவிடலாம். சென்னை விமான நிலையத்துக்குப் போக 390 கிலோமீட்டர் சாலை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்தினால் ஏழு மணி நேரம். தூரத்தை விமான நிலையத்திலிருந்து அளக்காமல் வீட்டு வாசலிலிருந்து அளக்க வேண்டும் என்று நான் ஊரில் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

வரைபடத்தில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நாகை மாவட்டக் கரையைத் தாண்டிக் கடலுக்குள் நுழையும்போது யாழ்ப்பாணக் குடாநாடு வலப்பக்கம் தங்கிவிடும். பிறகு வங்காள விரிகுடாவின் தென்பகுதி முழுக்கத் தண்ணீர். நிக்கோபார் தீவுகள் இடப்பக்கம் ஒதுங்க, சுமத்ராவின் வடமுனையைத் தொட்டு, மலாக்கா நீரிணை வழியாக இறங்கினால் சிங்கப்பூர்.

என் தாத்தா இதே கடலைக் கப்பலில் கடந்தவர். சென்னையில் புறப்பட்ட ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, கிள்ளான் துறைமுகம் வழியாகச் சிங்கப்பூர் போகும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் நங்கூரமிட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் அந்த வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோனது. வீட்டில் பெரியவர்கள் இன்றும் அக்கரைக்குப் போனவன், கப்பலுக்குப் போனவன் என்றே பேசுகிறார்கள். தாத்தாவின் தகரப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதன் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் ஊரும் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

இப்போது நேரம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் உயரே போனபின் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 2,980 கிலோமீட்டரை அந்த வேகத்தில் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. இறங்கும் வரிசைக்காக வளைந்து வருவதும் உண்டு. அதனால் வானத்தில் இருக்கும் நேரம் மூன்றே முக்காலிலிருந்து நான்கு மணி. டிக்கெட்டைப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகவே போட்டிருக்கும். நான்கு மணி பத்து நிமிடம், சில சமயம் நான்கு இருபது, நான்கரை என்றும் இருக்கும்.

இந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? நிற்கும் விமானத்தின் சக்கரம் நகராமல் இருக்க முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்த்தால், ஊழியர் குனிந்து அந்தக் கட்டையைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது தெரியும். டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம் அந்த நொடியைத்தான் குறிக்கிறது. போய்ச் சேரும் நேரம் என்பது சாங்கியில் மறுபடி கட்டை வைக்கும் நொடி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாசலைத் தேடி ஊர்ந்து வருவது எல்லாம் இரண்டுக்கும் நடுவில் அடங்கும். இது எவ்வளவு பெரிய பங்கு என்பதைப் புரிந்துகொள்ள கோலாலம்பூர் – சிங்கப்பூர் விமானத்தைப் பாருங்கள். தூரம் வெறும் 300 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். அதைப்போலப் பத்து மடங்கு தூரமுள்ள திருச்சிக்கு நான்கு மடங்கு நேரம்தான் ஆகிறது. தூரம் குறையக் குறைய, பறக்காமல் கழியும் நேரத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரத்தை வேகத்தால் வகுத்து ஒரு விடை தருகிறார்களே, அதை வைத்து யாரையும் விமான நிலையத்துக்கு அழைக்க வரச் சொல்லாதீர்கள்.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தரையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. ஆனால் மிக உயரத்தில் தென்னிந்தியாவின் மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரிய காற்றோட்டம் ஓடுகிறது. அதை ஆராய்ந்து எழுதியவர்களில் முன்னோடி இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம், அவருடைய கட்டுரை 1958இல் வெளிவந்தது. அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வருபவர்களுக்கு அது பின்காற்று, போகிறவர்களுக்கு எதிர்காற்று. மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று என்றால் இந்தத் தூரத்துக்குக் கால் மணி நேரம் கூடும். ஐரோப்பா, அமெரிக்காவுக்குப் போகிற வழிகளில் காற்று மணிக்கணக்கில் விளையாடும். இங்கே நிமிடக் கணக்குதான். ஆனாலும் அந்தக் கால் மணி நேரம் முக்கியமாகும் இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட அதிகக் குழப்பம் தருவது கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. முன்பு இரண்டு மணி நேரம்தான். 1981 டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டது. தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் மூன்றுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மலேசியா முடிவெடுத்தது. பக்கத்து நாடான சிங்கப்பூரும் அதைப் பின்பற்றியது. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் டோக்கியோ நேரத்தையே அங்கே நடைமுறைப்படுத்தியிருந்தார்கள் என்பதையும் நினைத்தால், அந்தத் தீவின் கடிகாரம் சூரியனைவிட அரசியலைப் பார்த்தே ஓடியிருக்கிறது என்று தோன்றும். இதன் விளைவை இன்றும் கண்ணால் பார்க்கலாம். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் பொழுது விடிகிறது. காலை ஆறு மணிக்கு இறங்குகிறவர்கள் இருட்டில்தான் இறங்குவார்கள். முதல் முறை வரும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விடிந்திருக்கும் என்று நினைத்து வருபவர்கள் திகைத்துப்போகிறார்கள்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இரவு 11.40க்குத் திருச்சியில் ஏறினால் காலை 6.20க்கு சிங்கப்பூர் என்று இருக்கும். கழித்துப் பார்ப்பவர்கள் ஆறு மணி நாற்பது நிமிடப் பயணம் என்று நினைப்பார்கள். திரும்பும்போது இரவு 8 மணிக்கு ஏறி 9.40க்குத் திருச்சி என்று இருக்கும். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வந்துவிடலாம் போலிருக்கிறதே என்பார்கள். இரண்டிலும் உண்மையான பயண நேரம் நான்கு மணி பத்து நிமிடம். போகும்போது வருகிற விடையில் இரண்டரையைக் கழியுங்கள், வரும்போது இரண்டரையைக் கூட்டுங்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

தேதிக் குழப்பம் இதைவிட ஆபத்தானது. நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் இந்த வழியில் சாதாரணம். 15ஆம் தேதி 00.45 என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டியவர், 15ஆம் தேதி இரவு சொந்தபந்தம் சூழ, வேன் பிடித்துத் திருச்சிக்குப் போய்விட்டார். அவருடைய விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. மகள் அங்கே ஆஸ்பத்திரியில், இவர் இங்கே விமான நிலைய வாசலில் லட்டு டப்பாவோடு. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. டிக்கெட்டில் நள்ளிரவு 12 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் நேரம் இருந்தால், தேதிக்கு முன்தினத்தைக் காலண்டரில் வட்டமிட்டு, கிளம்பும் நாள் அதுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். டிக்கெட் எடுத்துத் தரும் ஏஜென்டுகள் இதை வாயால் ஒருமுறை சொன்னால் எத்தனையோ குடும்பங்கள் தப்பிக்கும்.

அப்பா இறந்தபின் அம்மா தனியாக வரத் தொடங்கியபோது, பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன். இடப்பக்கம் நம் ஊர் மணி, வலப்பக்கம் சிங்கப்பூர் மணி. வீட்டிலிருந்து கிளம்புவது இரவு 7. விமான நிலையம் 8.30. விமானம் 11.40. இறங்குவது நம் ஊரில் அதிகாலை 3.50, இங்கே காலை 6.20. அதற்குக் கீழே மாத்திரைகள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலை ஏழு மணிக்கு ஊசியும் சாப்பாடும். ஏழு மணி என்றால் எந்த ஊர் ஏழு? சிங்கப்பூர் ஏழு மணிக்குப் போட்டால், முந்தைய இரவு ஊசிக்கும் இதற்கும் இடைவெளி இரண்டரை மணி நேரம் குறைந்துவிடும். முதல் நாள் இந்திய மணிப்படியே போட்டு, பிறகு மெல்ல மெல்ல முன்னே நகர்த்தச் சொன்னார் எங்கள் மருத்துவர். ஒவ்வொருவர் உடம்பும் வேறு. உங்கள் மருத்துவரிடம் கிளம்பும் முன் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஊசி மருந்தையும் மாத்திரைகளையும் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது. அந்தத் தாளை அம்மா பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். சாங்கியில் சக்கர நாற்காலி தள்ளிவந்த பெண்ணிடம் அதைக் காட்டி, மகன் இத்தனை மணிக்கு வெளியே நிற்பான் என்று தமிழிலேயே சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணாக இருந்தது எங்கள் நல்ல நேரம். சக்கர நாற்காலி வேண்டுமானால் 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிந்துவிடுங்கள்.

இனி வாசலிலிருந்து வாசல் வரை கணக்கு. புதுக்கோட்டைக்கு அப்பால் இருக்கும் வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். விமானம் நான்கு மணி பத்து நிமிடம். சாங்கியில் குடிநுழைவு, பெட்டி எடுப்பது எல்லாம் சேர்த்து முக்கால் மணி. அங்கிருந்து வீடு இன்னொரு முக்கால் மணி. கூட்டினால் பத்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. இதில் வானத்தில் இருப்பது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். வழியனுப்ப வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தால், திருநீறு பூசி, போட்டோ எடுத்து, அழுது முடிக்க இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரத்தைத் திட்டத்தில் வைத்துவிட்டால் யாரும் யாரையும் அவசரப்படுத்த வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு என் வாழ்க்கையில் எவ்வளவு கனத்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா இறந்த செய்தி சிங்கப்பூரில் எனக்கு விடிகாலை ஐந்து மணிக்கு வந்தது. ஊரில் அப்போது இரவு இரண்டரை. சித்தப்பாதான் பேசினார். அழுகையை அடக்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நீ எத்தனை மணிக்கு வந்து சேருவாய்? அதைச் சொன்னால்தான் எடுக்கிற நேரத்தை முடிவு செய்ய முடியும்." பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் பந்தல், பறை, வெளியூர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் தகவல் போகும்.

எட்டு மணிக்குச் சென்னைக்கு ஒரு விமானத்தில் இடம் இருந்தது. பத்தரை மணிக்குத் திருச்சி விமானத்தில் ஓர் இடம். உடனிருந்த நண்பர்கள் எல்லோரும் எட்டு மணி விமானத்தைப் பிடி, முதலில் இந்தியாவில் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நெஞ்சும் அதைத்தான் சொன்னது. ஒரு தாளை எடுத்து இரண்டையும் எழுதினேன். சென்னை விமானம் நம் நேரப்படி 9.45க்கு இறங்கும். வெளியே வர பத்தரை. அங்கிருந்து கார் பிடித்தால் ஏழு மணி நேரம், மாலை ஐந்தரை. சென்னையிலிருந்து திருச்சிக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கலாம் என்றால், குடிநுழைவும் சுங்கமும் முடித்து, வேறு முனையத்துக்கு மாறி, மறுபடி சோதனைக்கு நின்று, அடுத்த விமானம் எப்போதோ அதுவரை காத்திருக்க வேண்டும். திருச்சி விமானம் 12.10க்கு இறங்கும். கைப்பை மட்டும் இருந்தால் ஒரு மணிக்குள் வெளியே. இரண்டரைக்கு வீடு. இரண்டரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பும் விமானம் மூன்று மணி நேரம் முன்னதாக வீட்டில் சேர்க்கிறது. சித்தப்பாவிடம் இரண்டரை என்றேன். நான்கு மணிக்கு என்று முடிவு செய்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்து உட்கார எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தது.

வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தத் தாளை நல்ல நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்து விமான நிலையம் எது, அடுத்தது எது, ஒவ்வொன்றிலிருந்தும் வீட்டுக்குச் சாலை வழியில் எத்தனை மணி நேரம், எந்தெந்த வேளையில் விமானம் இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஆண்டுக்கு இரண்டு முறை கால அட்டவணை மாறும், மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும். அப்போது திருத்திக்கொள்ளுங்கள். துக்கச் செய்தி வந்தபின் யாருக்கும் கழித்தல் கணக்கு ஓடாது. பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

திருச்சி வழியில் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர்தான். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். நீட்டிக்க வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக நிலம் எடுப்பதிலேயே நிற்கிறது. 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, கோபுரங்களும் ஓவியங்களுமாக; அதே ஆண்டு ஜூனில் அது பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஓடுபாதை பழைய நீளம்தான். அதனால் இங்கிருந்து சிங்கப்பூர் போவது நடுவில் ஒரே நடைபாதை உள்ள, பக்கத்துக்கு மூன்று இருக்கை கொண்ட விமானங்கள். சென்னையிலிருந்து பெரிய விமானம் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடைபாதை ஓரத்து இருக்கையைக் கட்டணம் கட்டியாவது எடுத்துக்கொடுங்கள். நான்கு மணி நேரம் நடு இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்த பெரியவர்கள் இறங்கும்போது நிற்கவே சிரமப்படுகிறார்கள். திரும்பி வரும்போது திருச்சியில் சுங்கச் சோதனைக்கும் நேரம் ஒதுக்குங்கள். குருவிகள், அதாவது பிறருக்காகப் பொருள் கடத்திக் கொண்டுவருபவர்கள், அதிகம் பறக்கும் வழி என்பதால் எல்லோர் பெட்டியையும் கூர்ந்து பார்க்கிறார்கள். நல்லபடியாக வருபவர்களுக்கும் அந்த வரிசை உண்டு.

கொழும்பு வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ மாறிப் போகும் டிக்கெட் சில நாட்களில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், இளைஞர்களுக்கு அது நல்ல வழிதான். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், நடு ஊரில் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் காசு போய்விடும். யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெற்றோரைத் தனியாக இப்படி அனுப்புவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன், எவ்வளவு மிச்சமானாலும்.

முன்பு சொன்ன கால் மணி நேரத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை டாக்சிக் கட்டணத்தோடு பாதி சேர்த்து வாங்குவார்கள். காலை 5.30 மணி அளவில்தான் சாங்கியிலிருந்து ரயில் ஓடத் தொடங்கும். விடிகாலையில் இறங்குபவர்களுக்கு, கால் மணி நேரம் முன்னே பின்னே ஆனாலே இந்தக் கணக்கு மாறிவிடும். நான்கு மணிக்கு இறங்கும் மலிவு டிக்கெட்டுக்கும் ஆறு மணிக்கு இறங்கும் டிக்கெட்டுக்கும் விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது இதையும் கூட்டிப் பாருங்கள். விடிகாலையில் இறங்குபவர்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையிலிருந்து விடிவதற்கு முன்னால் புயல் போல ஒரு மழைவரிசை சிங்கப்பூர் மேல் வந்து அடிக்கும்; அதற்குச் சுமத்ரா என்றே பெயர். அது கடந்து போகும்வரை விமானங்கள் வானத்திலேயே வட்டமடிக்கும். இரவு விமானத்தில் வந்து அன்றே காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடலாம் என்று திட்டம் போடும் தம்பிகள் இதை நினைவில் வைக்க வேண்டும். வேலைக்கு முதல் நாள் சேருபவர்கள் கண்டிப்பாக ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு வருகை தருபவர்கள் வருகை அட்டையை இணையத்தில் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கடைசியாக, தாமதம். டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் உங்கள் உரிமையையும் தீர்மானிக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையுள்ள பயணம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி நேரம் வரை என்றால் மூன்று மணி நேரத் தாமதத்துக்கு. திருச்சி – சிங்கப்பூர் இந்த இரண்டாம் வகை. இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் விடுதி தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. புயல், வெள்ளம் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு விலக்கு உண்டு. ஒரு முறை நள்ளிரவில் தாமதம் ஏழு மணி நேரத்தைத் தாண்டியபோது, கவுன்ட்டரில் இருந்தவர் இருக்கையில் உட்காருங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு நின்ற ஓர் அம்மாவுக்காக நானும் இன்னும் சிலரும் அந்த விதியை மரியாதையாக எடுத்துச் சொன்னோம். மேலாளர் வந்தார், குழந்தை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அறை கிடைத்தது. விதியைக் கைப்பேசியில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தையும், தாமதம் பற்றி நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியையும் சேர்த்துக் காட்டுங்கள்.